நவம்பர் 1: பிள்ளைகளை எந்த நினைவிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது, அங்கே என்ன சொல்வது?

இரணியல் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். 7, 8ஆம் வகுப்பு சேர்த்து 42 பிள்ளைகள். நவம்பர் 1 நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. ஏன் விடுமுறை என்று வகுப்பில் கேட்டேன். "கல்லறைத் திருநாள்" என்றான் ஒருவன். அது மறுநாள் என்று பக்கத்தில் இருந்தவள் திருத்தினாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 1956இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள் அது. நாம் இன்று இந்த மாவட்டத்தில் இருப்பதே அதனால்தான். பிள்ளைகளுக்கு அது வெறும் லீவு நாள்.

அதனால் அதை அடுத்து வரும் சனிக்கிழமை ஒரு வண்டி பிடித்து நினைவிடங்களுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். கன்னியாகுமரி கடற்கரைதான் முதலில் நினைவுக்கு வந்தது. காந்தி மண்டபம், காமராஜர் மணிமண்டபம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, சுனாமி நினைவுத்தூண் எல்லாம் நடந்து போகிற தூரத்தில், இல்லையென்றால் படகு தூரத்தில் இருக்கின்றன.

என் கவலை வேறு. போன வருடம் ஒரு தலைவரின் நினைவு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. எங்கள் பிள்ளைகளையும் அனுப்பச் சொன்னார்கள். காலை 8 மணிக்கே வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். வரவேண்டியவர்கள் வந்தபோது மணி பத்தரை. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், வண்டிகள் கிளம்பின. ஒரு பிள்ளை மயங்கி உட்கார்ந்துவிட்டாள். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அந்தத் தாத்தா என்ன செஞ்சார்?" இரண்டரை மணி நேரம் அவர் சிலைக்கு முன்னால் நின்றவன் கேட்கிறான். அங்கே யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அது மறுபடி நடக்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் பேசுவதாக இருந்தால் எதைச் சொல்வீர்கள்? உங்கள் ஊர்ப் பக்கத்து இடங்களையும் சொல்லுங்கள்.

நிழல்கடிகாரம்:
டீச்சர், காந்தி மண்டபத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியாக வெயில் இறங்கி, காந்தியின் அஸ்தி வைத்த இடத்தில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளிடம் அதை அதிசயம் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அது கணக்கு. கணக்காகச் சொன்னால் இன்னும் அழகாக இருக்கும்.

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை. அக்டோபர் 2 அன்று சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே சுமார் மூன்றரை பாகை போயிருக்கும். இரண்டையும் கூட்டினால், உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே இல்லாமல் தெற்கே பதினொன்றரை பாகை சாய்ந்து நிற்கிறது. அப்படியென்றால் துளைக்கும் தரைக்கும் இடையே 5 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் துளை தெற்கே தள்ளி இருக்க வேண்டும். 1956இல் அந்த மண்டபத்தைக் கட்டி முடித்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். நடுக்கோபுரத்தின் உயரம் 79 அடி, காந்தி இறந்தது அவருடைய 79ஆவது வயது நடக்கும்போது.

இன்னொன்றும் இருக்கிறது. சூரியன் தெற்கே போகும்போது அந்த இடத்தைக் கடக்கிறது என்றால், வடக்கே திரும்பி வரும்போதும் அதே இடத்தைக் கடக்க வேண்டும் அல்லவா? அது மார்ச் 11 வாக்கில். கணக்குப்படி அந்த வெயில் அன்றும் அங்கே விழ வேண்டும். நேரம் மட்டும் மாறும். அக்டோபர் 2இல் நம் ஊருக்கு உண்மையான உச்சிவேளை 12 மணி 9 நிமிடம் வாக்கில் வருகிறது. மார்ச் 11இல் பன்னிரண்டரை ஆகிவிடும்.

நவம்பர் முதல் வாரம் போகிறீர்கள் என்றால் வெயில் அங்கே விழாது. பரவாயில்லை, ஒரு மீட்டர் குச்சி ஒன்றை எடுத்துப் போங்கள். அக்டோபர் 2 நண்பகலில் அதன் நிழல் 20 செ.மீ. இருக்கும். நவம்பர் தொடக்கத்தில் 40 செ.மீ.க்கு மேல் வரும். பிள்ளைகளே அளக்கட்டும். ஒரு மாதத்தில் சூரியன் எவ்வளவு நகர்ந்துவிட்டது என்று அவர்களுக்கே தெரியும்.

தாமரைக்குளத்தான்:
மேலே சொன்னது நல்ல விஷயம். ஆனால் காந்தி மண்டபத்தில் வெயிலை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் பகவதியம்மன் கோயில். 1925இல் காந்தி அங்கே வந்தபோது, இங்கிலாந்து போய் வந்தவர் என்று சொல்லி அவரை உள்ளே விடவில்லை. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். 1937 ஜனவரியில் காந்தி மறுபடி வந்தார். இந்தத் தடவை உள்ளே போனார், அதுவரை தெருவில்கூட நிற்க முடியாதவர்களோடு சேர்ந்து போனார். 1948 பிப்ரவரி 12இல் அவர் அஸ்தி இந்தக் கடலில் கரைந்தது. 23 வருடத்துக் கதை, ஒரே இடத்தில் நின்றுகொண்டே விரலை நீட்டிச் சொல்லலாம்.

புதுக்கடைக்காரன்:
டீச்சர், நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 1க்காகப் போகிறோம் என்று சொல்கிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்ன ஐந்து இடத்தில் ஒன்றுகூட நவம்பர் 1ஓடு நேராகச் சம்பந்தப்பட்டது இல்லை. அந்த நாளுக்காக ரத்தம் சிந்திய இடம் இங்கே மேற்கே இருக்கிறது. புதுக்கடை, மார்த்தாண்டம். மார்த்தாண்டத்துக்கு அப்போது தொடுவட்டி என்று பெயர்.

1954 ஆகஸ்ட் 11. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடிய கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அது அன்று விடுதலை நாள் என்று அறிவித்தது. ஊர்வலம், கூட்டம், கடையடைப்பு. போலீஸ் சுட்டது. என் பாட்டாவுக்கு அப்போது 16 வயது. தென்னந்தோப்பு வழியாக ஓடினார். கூட ஓடிய ஒருவர் பின்னால் வரவில்லை என்பது ஆற்றங்கரைக்குப் போன பிறகுதான் தெரிந்திருக்கிறது. சாகும் வரைக்கும் பாட்டா ஆகஸ்ட் 11 அன்று ராத்திரி சாப்பிட மாட்டார். எங்களுக்கு அது ஒரு விரதம் என்றே தெரியும். என்ன விரதம் என்று நான் 20 வயதுக்கு மேல்தான் கேட்டேன். அதற்கு முன்பே, 1948 தேர்தல் நேரத்திலேயே மங்காடு தேவசகாயம், கீழ்குளம் செல்லையா என்று இருவர் குண்டுக்குப் பலியாகியிருக்கிறார்கள். இந்தப் பெயர்களை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது.

நவம்பர் 1 வந்தால் நாகர்கோவிலில் நேசமணி அவர்கள் சிலைக்கு மாலை விழுகிறது. விழட்டும், அவர் அதற்கு உரியவர். அவர் பெயர் எல்லோர் வாயிலும் வர வேண்டும். வக்கீலாக இருந்து, கட்சி நடத்தி, ஜெயிலுக்குப் போய், நாடாளுமன்றம் வரைக்கும் கொண்டுபோய் அதை முடித்தவர். ஆனால் புதுக்கடை நினைவுத்தூணுக்கு ஆகஸ்ட் 11 காலையில் மட்டும் ஆள் வருகிறது. மற்ற நாளெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதைக் கடந்து போகிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

இங்கே வாருங்கள். 42 பிள்ளைகளுக்கும் சாயாவும் பழப்பமும் என் செலவு.

குழித்துறைக் கரை:
நான் விளவங்கோடு தாலுகா. எங்கள் வீட்டில் மலையாளம் பேசுவோம். அப்பா மலையாளப் பள்ளியில் படித்தவர். நான் தமிழில் படித்தேன், என் பிள்ளைகளும் தமிழில்தான் படிக்கிறார்கள்.

புதுக்கடைக்காரர் சொன்னதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் ஒரு பயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருந்தால் சரியாக இருக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு நினைவுக் கூட்டத்தில் மேடையில் பேசியவர், சுட்டது மலையாளிகள் என்று பேசினார். என் மகள் அன்று முன்வரிசையில் தன் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "நம்மள்தான் சுட்டதா அப்பா?" என்று கேட்டாள். அவளுக்கு 11 வயது.

உங்கள் 42 பேரில் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் ஒன்றிரண்டாவது இருப்பார்கள். அவர்களையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அது மட்டும்தான் என் வேண்டுகோள்.

புதுக்கடைக்காரன்:
அண்ணே, அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நீங்கள் சொல்வதுதான் நியாயம்.

சுட்டது ஒரு அரசாங்கம். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சராக இருந்த பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அரசாங்கம். இன்னொரு விஷயத்தையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் டீச்சர். அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. நம் ஆட்சியிலேயே மக்களைச் சுட்டால் அந்த ஆட்சி ராஜினாமா செய்ய வேண்டும் என்று சொந்தக் கட்சியைப் பார்த்துக் கேட்டார். கட்சி கேட்கவில்லை. அவர் பொதுச்செயலாளர் பதவியை விட்டார், பிறகு தனிக்கட்சி கண்டுவிட்டார். வட இந்தியாவில் பிறந்த ஒருவர், தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது, புதுக்கடையில் செத்தவர்களுக்காகத் தன் பதவியையே விட்டார். இது தெரிந்தால் எந்தப் பிள்ளையும் மொழியை வைத்து ஆளைப் பிரிக்காது.

மக்கள் ஏன் போராடினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லணும். தாலுகா ஆபீசிலும் கோர்ட்டிலும் வேறு மொழி. மனு எழுத ஆள் பிடிக்க வேண்டும். தன் வழக்கில் என்ன தீர்ப்பு வந்தது என்று தனக்கே புரியாது. என் பாட்டா மொழிப்பற்று என்றெல்லாம் பேசியதே இல்லை. "பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம கைநாட்டு வச்சோம்" என்பார். அவ்வளவுதான்.

குழித்துறைக் கரை:
பத்திரம் விஷயம் எங்கள் வீட்டில் தலைகீழ். 1956க்குப் பிறகு வந்த தமிழ்ப் பத்திரத்தை என் அம்மாச்சி வாசிக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுவாள். அவர்தான் வாசித்துச் சொல்வார், காசு வாங்க மாட்டார். பிள்ளைகள் வரும் அன்று நானும் வருகிறேன்.

குளச்சல் வள்ளம்:
போர் பற்றி யாருமே பேசவில்லையே. குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் இருக்கிறது. 1741இல் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்ததன் நினைவு. அடிப்படைக் காரணம் மிளகு. மிளகு வியாபாரம் யார் கையில் என்பதுதான் சண்டை. ஆசியாவில் ஒரு ராஜா ஐரோப்பியக் கம்பெனியை இப்படிச் சரணடைய வைத்தது அன்றைக்குப் பெரிய விஷயம்.

தேதி விஷயத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள். சில இடத்தில் ஜூலை 31 என்று இருக்கும், சில இடத்தில் ஆகஸ்ட் 10. இரண்டும் ஒரே நாள்தான். பழைய ஜூலியன் நாட்காட்டியும் இன்றைய நாட்காட்டியும் அப்போது 11 நாள் வித்தியாசத்தில் ஓடின. ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஜூலை 31ஐத்தான் கொண்டாடுகிறது, திருவிதாங்கூர் படையின் வாரிசு அந்த ரெஜிமெண்டில் இருக்கிறது. நம் கணக்கில் கொல்லம் ஆண்டு 916 ஆடி மாதம்.

நிழல்கடிகாரம்:
ஒரு சின்னத் திருத்தம், வள்ளம் அண்ணாச்சி. ஜூலை 31க்கும் ஆகஸ்ட் 10க்கும் 10 நாள்தானே வருகிறது? 1741இல் வித்தியாசம் 11 நாள். ஜூலை 31ஓடு 11 கூட்டினால் ஆகஸ்ட் 11. ஆகஸ்ட் 10 என்றால் பழைய கணக்கில் ஜூலை 30. ஒரு நாள் இடிக்கிறது.

குளச்சல் வள்ளம்:
சரிதான், நான் கூட்டிப் பார்க்கவில்லை. பிள்ளைகளிடம் இரண்டு நாட்காட்டி ஓடிய காலம் என்பதைச் சொல்லிவிட்டு, கணக்கை அவர்களையே போட விடலாம். இடிக்கிற அந்த ஒரு நாளையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எங்கள் கடற்கரையில் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ராஜாவிடம் போதுமான ஆள் இல்லாதபோது எங்கள் முன்னோர் துடுப்பைத் தோளில் துப்பாக்கி மாதிரி சாய்த்துக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள், கப்பலில் இருந்தவர்கள் பெரிய படை என்று நினைத்துத் தயங்கினார்கள் என்று. இதைக் கதை என்றே சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். தூணைப் பார்த்தால் ராஜா தெரிகிறார், தளபதி தெரிகிறார். எங்களுக்கு அந்தத் துடுப்புதான் தெரிகிறது.

டீச்சர் ஊர் இரணியல் என்றால் உதயகிரிக் கோட்டை பக்கம்தானே? பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், தன்னைப் பிடித்த ராஜாவிடமே சேர்ந்து 30 வருடத்துக்கு மேல் அந்தப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கினார். 1777இல் இறந்தார், கல்லறை அந்தக் கோட்டைக்குள் இடிந்த தேவாலயத்தில் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளை அந்தத் தமிழை வாசிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் தடவித் தடவி வாசிப்பார்கள், பிறகு விடமாட்டார்கள். நட்டாலம் நீலகண்டன் கிறிஸ்தவம் அறிந்ததும் அதே டிலனாய் வழியாகத்தான். தேவசகாயம் என்ற பெயரோடு கிறிஸ்தவரான அவரை 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், அதே மார்த்தாண்டவர்மாவின் ஆட்சியில். 2022 மே 15இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். குளச்சலில் ஜெயித்த ராஜாவைக் கொண்டாடுகிற பிள்ளை இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளணும். ஒரே ஆளைப் பற்றி இரண்டு விதமாக நினைக்க முடியும் என்பது அந்தக் கோட்டைக்குள் தானாகவே புரியும்.

ஒரு அம்மா:
நான் ஆசிரியை இல்லை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவள். எல்லோரும் பெரிய பெரிய விஷயம் சொல்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கண்ணாடிப் பாலத்தில் நடக்கணும் என்று ஆசை இருக்கும். 2024 டிசம்பர் 30இல் திறந்ததிலிருந்து என் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பாறைக்கும் சிலைக்கும் நடுவில் கடல் மேல் 77 மீட்டர் நடக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்துவிட்டு அந்தப் பாறைக்கே போகாத பிள்ளைகள் நிறைய உண்டு. படகுக்குக் கொடுக்கக் காசு இருக்காது, கூட்டிப் போக அப்பாவுக்கு நேரம் இருக்காது. அதைத் தவிர்த்துவிட்டுக் கல்லறையும் தூணுமாகச் சுற்றினால் அவர்களுக்குச் சலிப்பு வரும். சந்தோஷமாகப் போனால்தான் சொன்னது மனதில் நிற்கும்.

இரணியல் டீச்சர்:
அம்மா, நீங்கள் சொன்னது என்னை நிறுத்திவிட்டது. இன்று வகுப்பில் கேட்டேன். 42இல் 17 பேர் பாறைக்குப் போனதில்லை. கை தூக்கவே கூச்சப்பட்டார்கள்.

பழைய வழிகாட்டி:
நான் 26 வருடம் சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டியவன். அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு இடம். மூன்றாவது இடத்தில் பெரியவர்களுக்கே காது மூடிவிடும். நவம்பர் பாதியில் சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் படகு வரிசை மணிக்கணக்கில் நீளும், அப்போது பாறை வேண்டாம். வரிசையில் நிற்க வைத்தால் போன வருடக் கதைதான் மறுபடியும்.

வள்ளுவர் சிலையின் 133 அடி, பீடம் 38, சிலை 95 எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை நான் சொல்ல மாட்டேன். பீடத்தில் கை வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2000 ஜனவரி 1இல் திறந்து ஐந்து வருடம் ஆகும் முன்னே சுனாமி அலை அதன் மேல் ஏறி இறங்கியது, ஒரு கல் அசையவில்லை. கணபதி ஸ்தபதி கல்லோடு கல்லைக் கோத்துக் கட்டிய வேலை அது.

காமராஜர் மண்டபத்தில் ஒரு கேள்வி கேட்பேன். விருதுநகர்க்காரருக்கு இங்கே ஏன் மண்டபம்? 1967இல் சொந்த ஊரில் தோற்றார். 1968இல் நேசமணி காலமானார், அவர் நாகர்கோவில் எம்.பி. 1969 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியில் நின்று காமராஜர் ஜெயித்தார், 1971லும் ஜெயித்தார். நவம்பர் 1, 1956இல் நாம் போய்ச் சேர்ந்த மாநிலத்துக்கு அவர்தான் முதலமைச்சர். தோற்றவரை மறுபடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது நம் மாவட்டம். 1975 அக்டோபர் 2இல் காலமானார். காந்தி மண்டபத்தில் வெயில் விழும் அதே நாள்.

கடலோரத்துப் பெண்:
சுனாமித் தூண் பற்றி நான் சொல்ல வேண்டும். நான் மணக்குடி.

கன்னியாகுமரியில் இருக்கும் தூணை நான் குறை சொல்லவில்லை. ஒரு கை அலையைத் தடுக்கிறது, இன்னொரு கை விளக்கை அணையாமல் பிடித்திருக்கிறது. அதைச் செய்தவருக்கு எங்கள் மனது தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கே எப்போதும் கூட்டம், சோளப்பொரி, செல்ஃபி. அங்கே நின்று பிள்ளைகளிடம் எதுவும் சொல்ல முடியாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வீட்டில் முதல் நாள் பலகாரம் மீதி இருந்தது. எனக்கு 9 வயது. பழையாறு கடலில் சேரும் இடத்தில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் சேர்க்கிற பாலம் இருந்தது, அலை அதைத் தூக்கிக்கொண்டு போனது. கான்கிரீட் பாலம். அதைச் சொன்னால் தண்ணீரின் பலம் பிள்ளைகளுக்குப் புரியும், மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு வருடமும் அன்று இங்கேயும் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் கடலுக்குப் போக மாட்டார்கள். காலையில் திருப்பலி, பிறகு கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும். பேச்சு கிடையாது. பல பேர் ஒரே குழியில் கிடக்கிறார்கள், யார் பக்கத்தில் யார் என்று தெரியாது. அதனால் நாங்கள் ஒரு இடத்தில் நிற்பதில்லை, சுற்றி வருவோம். என் அம்மா எங்கே என்று எனக்குத் தெரியாததால் முழுவதும் சுற்றுவேன்.

டீச்சர், இந்தப் பயணத்தில் எங்களைச் சேர்க்க வேண்டாம். பாறை பார்த்துவிட்டு வருகிற வழியில் வர வேண்டிய இடம் இது இல்லை. என்றைக்காவது இதற்கென்றே வருவதாக இருந்தால் வாருங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் பேசுகிறேன்.

இரணியல் டீச்சர்:
கண்டிப்பாக. தனியாக வருகிறோம். பத்துப் பேருக்கு மேல் கூட்டி வர மாட்டேன்.

தாமரைக்குளத்தான்:
எல்லோரும் கட்டடம் இருக்கிற நினைவுகளைச் சொல்லிவிட்டீர்கள். இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய போராட்டம் தோள்சீலைப் போராட்டம். 1822இல் தொடங்கி அலை அலையாக எழுந்து, 1859 ஜூலை 26இல் அரசாணை வரும் வரைக்கும் நடந்தது. கீழே வைத்திருந்த சாதிப் பெண்கள் மேல்துணி போட்டதற்காகச் சந்தையில் வைத்துக் கிழித்த காலம். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் 200ஆவது ஆண்டு விழா நடந்தபோது தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநில முதலமைச்சர்களும் ஒரே மேடையில் வந்து நின்றார்கள். குழித்துறைக் கரை அண்ணனுக்கு இது ஞாபகம் இருக்கும்.

ஆனால் எனக்குத் தெரிந்து அந்த நினைவு நன்றாக உயிரோடு இருக்கிற இடம் சாமித்தோப்புதான், அய்யா வைகுண்டரை வழிபடுகிற எங்கள் பதி, அதாவது வழிபாட்டுத் தலம். எங்கள் பதியில் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகணும். கீழே வைத்திருந்த சாதிகளுக்குத் தலைப்பாகை கட்ட உரிமை இல்லாத காலத்தில் வைகுண்டர் அதை வழிபாடாகவே ஆக்கினார். உள்ளே நிற்பது கண்ணாடிக்கு முன்னால். கும்பிடுகிறவனுக்குத் தன் முகமே தெரியும். வெளியே முத்திரிக் கிணறு, எல்லாச் சாதியும் ஒரே தண்ணீர். தினமும் ஆள் வந்து தலையில் துணி கட்டும்போதெல்லாம் அந்தப் போராட்டம் மறுபடி நடக்கிறது. மாலை போட வருடத்தில் ஒரு நாள் தேவையே இல்லை. பிள்ளைகள் வந்தால் கட்டிவிட நான் துண்டு கொண்டு வருகிறேன்.

இரணியல் டீச்சர்:
இரண்டு நாளாக எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். முடிவு இதுதான். நவம்பர் சனிக்கிழமை காலை புதுக்கடை, திரும்பும் வழியில் உதயகிரி. இரண்டே இடம். கன்னியாகுமரியை விட்டுவிடவில்லை. அது மார்ச் 11க்கு. அன்று மாலை போட யாரும் வர மாட்டார்கள். வெயில் விழுகிறதா என்று பன்னிரண்டரைக்குப் பார்த்துவிட்டு, பாறைக்கும் கண்ணாடிப் பாலத்துக்கும் போவோம். 17 பேருக்கும் படகுச் செலவை ஆசிரியர்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம். மணக்குடியும் சாமித்தோப்பும் தனித்தனியாக, அவசரம் இல்லாமல்.

புதுக்கடைக்காரரே, 1954ஐ நேரில் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா?

புதுக்கடைக்காரன்:
என் பாட்டாவின் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். 87 வயது. காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது. கேட்டேன், வருகிறேன் என்றார். மைக் வேண்டாமாம், பொன்னாடை வேண்டாமாம். உட்கார ஒரு நாற்காலியும் நிழலும் போதும் என்றார்.

இரணியல் டீச்சர்:
போய் வந்துவிட்டோம். நேற்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

பெரியவர் முதலில் பேசவே இல்லை. நான் கொஞ்சம் பயந்தேன். ஒரு பிள்ளை, போன வருடம் மயங்கி உட்கார்ந்தவள், அவர் காதருகே குனிந்து "தாத்தா, அன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். நான் எழுதிக் கொடுத்த கேள்வி எதுவும் இல்லை அது. அவர் சிரித்துவிட்டார். மரச்சீனியும் மீன் கறியும் என்றார். அங்கிருந்து ஆரம்பித்து ஒன்றே கால் மணி நேரம் பேசினார். எந்த வழியாக ஓடினார், எந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து உள்ளே இழுத்துப் போட்டாள் எல்லாம் சொன்னார். அந்த வீட்டில் மலையாளம்தான் பேசுவார்கள் என்றும் அவரே சொன்னார், யாரும் கேட்கவில்லை. குழித்துறைக் கரை அண்ணன் அப்போது எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கடைசியில் அவர் தூணுக்குப் பக்கத்தில் வந்து, அங்கே இருந்த ஒரு பெயரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். 42 பேரும் சத்தமே போடவில்லை. நான் யாரையும் அடக்கவில்லை.

உதயகிரியில் கல்லறைத் தமிழை வாசிக்க இரண்டு பையன்கள் தரையில் படுத்துவிட்டார்கள். சட்டை எல்லாம் மண். ஜூலை 31, ஆகஸ்ட் 10 கணக்கு இன்னும் வகுப்பில் சண்டையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

குழித்துறைக் கரை:
பெரியவர் சொன்ன வீடு எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குடும்பம் இப்போது நெய்யாற்றின்கரைப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். கண்டுபிடித்தால் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நானும் புதுக்கடைக்காரரும் பேசியிருக்கிறோம்.

நிழல்கடிகாரம்:
மார்ச் 11க்கு நானும் வருகிறேன் டீச்சர். மீட்டர் குச்சி இரண்டு கொண்டு வருகிறேன். பன்னிரண்டு மணிக்கே உள்ளே போய்விட வேண்டும். வெயில் எந்தப் பக்கமிருந்து நகர்ந்து வருகிறது என்று பார்க்கணும்.